காஷ், கல்கானில் விடுமுறை வில்லா: தேடுவது முதல் டெபாசிட் திரும்ப வரும்வரை

துருக்கியில் வில்லா வாடகைக்கு எடுத்துச் சிக்கிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது வரிசையில்தான். நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு விமான டிக்கெட் எடுக்கிறார்கள். அந்த வில்லா கடலிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கார் இல்லாமல் போக முடியுமா, அரசு அனுமதி இருக்கிறதா என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அப்போது பணம் கையைவிட்டுப் போயிருக்கும்.

அன்டால்யா மாகாணத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் காஷ், கல்கான் என்ற இரண்டு கடலோர ஊர்களை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கும் ஃபெத்தியே, மேற்கே தள்ளி இருக்கும் தாட்சா போன்ற இடங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

1. தேடத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

எத்தனை பேர், குழந்தைகளின் வயது என்ன, யார் கார் ஓட்டுவார்கள், படி ஏற முடியாதவர்கள் யாராவது உண்டா என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வில்லாவின் விலையும் பகுதியும் இவற்றை வைத்துத்தான் முடிவாகும். துருக்கி விளம்பரங்களில் ‘எட்டுப் பேர்’ என்று இருந்தால், அதில் குழந்தைகளும் அடக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பறை சோபாவைக் கட்டிலாக விரித்துக் கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்பதால், ஆட்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் படுக்கையறைகளை எண்ணுங்கள்.

அடுத்தது விசா. பிரிட்டன், கனடா, சிங்கப்பூர், மலேசியா நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டு என்றால், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால்தான் இணையத்தில் இ-விசா கிடைக்கும். அது 30 நாளுக்கு, ஒரே ஒரு நுழைவுக்கு. அவை இல்லாத இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விசா கைக்கு வரும்வரை திரும்பப் பெற முடியாத பணம் எதையும் கட்டாதீர்கள்.

அந்த ‘ஒரே நுழைவு’ காஷில் உண்மையிலேயே வேலையைக் காட்டும். துறைமுகத்தின் எதிரே, படகில் அரை மணி நேரத்துக்குள், மெய்ஸ் என்று துருக்கியர்கள் அழைக்கும் கிரேக்கத் தீவு இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பும் பயணச்சீட்டை எல்லோரிடமும் விற்பார்கள். ஒற்றை நுழைவு விசாவில் வந்தவர் அதில் ஏறிப் போனால் திரும்பி வந்து வில்லாவுக்குள் நுழைய விசா இருக்காது.

2. மாதம்

பருவம் மே முதல் அக்டோபர் வரை. துருக்கிப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூன் நடுப்பகுதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீள்வதால் ஜூலை, ஆகஸ்டில் விலை உச்சத்தில் இருக்கும். நோன்புப் பெருநாளும் ஹஜ் பெருநாளும் எந்த மாதத்தில் வருகின்றனவோ அந்த வாரமும் அப்படித்தான். அவை ஆண்டுதோறும் சுமார் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதால் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு செப்டம்பர் இரண்டாம் பாதி. கடல் கோடை முழுவதும் சேர்த்துவைத்த சூட்டோடு இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். மே மாதம் விலை மலிவு. ஆனால் சூடாக்கும் வசதி இல்லாத நீச்சல்குளத்தில் அப்போது குழந்தைகள் இறங்க மாட்டார்கள்.

3. ஊர், அதற்குள் பகுதி

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இது. இங்கே மலை நேரே கடலில் இறங்குகிறது. சமதளம் மிகக் குறைவு.

கல்கானில் வில்லாக்கள் ஊரைச் சுற்றிய சரிவுகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. காட்சி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, ஏற்றம் அவ்வளவு கடினம். ‘மையத்துக்கு 800 மீட்டர்’ என்று விளம்பரம் சொல்லும். அந்த 800 மீட்டரும் செங்குத்தாக இறங்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறித் திரும்ப வேண்டும். இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. வில்லாவின் இருப்பிடத்தைக் கேட்டு வாங்கிக் கூகுள் எர்த்தில் வையுங்கள். அந்தப் புள்ளியின் உயரம் திரையில் தெரியும். கீழே கடல்மட்டம் பூச்சியம் என்பதால், அந்த எண்தான் நீங்கள் ஏற வேண்டிய உயரம். 90 மீட்டர் என்று காட்டினால், முப்பது மாடிக் கட்டடத்தின் படிகளை ஏறுவதற்குச் சமம். முதியவர்களோடு வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

கல்கானுக்கு மேலே இஸ்லாம்லர், உசும்லு, பெசிர்கான், சாரிபெலென் போன்ற மலைக் கிராமங்கள். வில்லாக்கள் இங்கே பெரியவை, விலை குறைவு, இரவில் குளிர்ச்சி. கடலுக்கு ஒவ்வொரு முறையும் காரில்தான் இறங்க வேண்டும். கார் ஓட்டுபவர் இல்லாத குழு இந்தக் கிராமங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

காஷ் நகரம் கல்கானைவிடக் கலகலப்பானது. கடைவீதியும் துறைமுகமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். வில்லாக்களில் பெரும்பாலானவை நகரத்துக்கு மேற்கே நீளும் சுகுர்பாக் தீபகற்பத்தில் இருக்கின்றன. தீபகற்பத்தின் நுனியில் எடுத்தால் அமைதி கிடைக்கும், கடைக்குப் போக வண்டி வேண்டும். கழுத்துப் பகுதியில் எடுத்தால் நகரத்துக்கு நடக்கலாம்.

மணற்பரப்பை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு ஊர்களிலும் கரை கூழாங்கல்தான். பலர் பாறையோரம் அமைத்த மேடைகளிலிருந்து ஏணி வழியாகக் கடலில் இறங்குகிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள கபுதாஷ் கடற்கரைக்குச் சாலையிலிருந்து நீண்ட படிக்கட்டில் இறங்க வேண்டும். சிறு குழந்தைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் பதாரா. அது கல்கானிலிருந்து காரில் பக்கம். கடலாமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவில் அங்கே போக அனுமதியில்லை.

4. விமான நிலையமும் வண்டியும்

வில்லாவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை முடிவு செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் அன்டால்யா மாகாணத்து ஊர் என்பதால் பலர் அன்டால்யாவுக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பக்கத்து மாகாணத்தில் உள்ள தாலமான் நிலையம்தான் அருகில். தாலமானிலிருந்து கல்கான் சுமார் 120 கிலோமீட்டர், காஷ் சுமார் 150 கிலோமீட்டர். அன்டால்யா நிலையத்திலிருந்து காஷுக்குச் சுமார் 200 கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி கடலோரம் வளைந்து வளைந்து போகும் டி-400 சாலை என்பதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாந்தி வரும் குழந்தை இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது.

இரவில் விமானம் இறங்கினால், அந்த இரவு தாலமான் பக்கம் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். எப்படியும் வில்லாவின் சாவி மாலை நான்கு மணிக்குத்தான் கிடைக்கும்.

வாடகைக் காரில் எச்ஜிஎஸ் என்ற சுங்க அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாலமானிலிருந்து வரும் வழியில் கோஜெக் சுரங்கப்பாதைக்குக் கட்டணம் உண்டு. கார் வேண்டாம் என்றால் காஷுக்கும் கல்கானுக்கும் இடையே தொல்முஷ் என்ற சிற்றுந்துகள் ஓடுகின்றன. ஆனால் அவை முதன்மைச் சாலையோடு சரி, வில்லாக்கள் இருக்கும் சரிவுகளில் ஏறாது.

5. தேடுதல்

மூன்று வழிகள்: பன்னாட்டு முன்பதிவுத் தளங்கள், துருக்கியின் வில்லா முகமைகள், உரிமையாளரோடு நேரடித் தொடர்பு. முதல்முறை வருகிறவர்களுக்கு முதல் இரண்டையே சொல்வேன். ஏதாவது பிசகினால் நடுவில் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார்.

தேடலையும் பதிவையும் உங்கள் நாட்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். துருக்கி நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு விதித்த தடையால், புக்கிங்.காம் தளத்தில் துருக்கித் தங்குமிடங்களை அந்நாட்டுக்குள் இருந்துகொண்டு பதிவு செய்ய முடியாமல் போனது. ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற திட்டம் இதனால் பலருக்குக் கவிழ்ந்திருக்கிறது.

கல்கான் பக்கத்து விளம்பரங்களில் ‘முஹாஃபஸகார் வில்லா’ என்ற பிரிவைக் காண்பீர்கள். நீச்சல்குளம் வெளியிலிருந்து தெரியாதபடி சுவரோ மறைப்போ எழுப்பிய வில்லாக்கள் இவை. பெண்கள் யார் கண்ணிலும் படாமல் நீந்த வேண்டும் என்று விரும்பும் குடும்பங்களுக்கு, எந்த மதத்தவரானாலும், மிகவும் ஏற்றவை. ஆனால் மறைப்பு முழுமையா பகுதியா என்பதில் வேறுபாடு உண்டு. குளத்தை நோக்கி எடுத்த படம் எதையும் சொல்லாது. குளத்தின் நடுவிலிருந்து நான்கு பக்கமும் வெளியே பார்த்து எடுத்த படங்களைக் கேளுங்கள். மேல்சரிவில் இருக்கும் பக்கத்து வீட்டு மாடி தெரிகிறதா என்பது அப்போதுதான் புலப்படும். மறைப்பு கூடினால் கடல் காட்சியும் காற்றும் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இத்தகைய வில்லாக்கள் பல, குடும்பங்களுக்கு மட்டுமே கொடுக்கப்படுகின்றன. நண்பர் குழுவாக வருகிறவர்கள் முதல் செய்தியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் சாவி வாங்கும் நேரத்தில் வாசலிலேயே பேச்சு முறியும்.

6. அனுமதிப் பத்திரத்தைச் சரிபார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 7464 எண்ணுள்ள சட்டம் 2023 நவம்பரில் வெளியாகி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வீட்டை ஒரு தடவைக்கு 100 நாளோ அதற்குக் குறைவாகவோ சுற்றுலாவுக்காக வாடகைக்கு விட, பண்பாட்டு மற்றும் சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி கட்டாயம். அனுமதி பெற்ற வீட்டின் வாசலில் அதற்கான பலகை இருக்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடமாக இருந்தால் மற்ற எல்லா வீட்டு உரிமையாளர்களின் ஒருமித்த சம்மதமும் தேவை. அது எளிதில் கிடைப்பதில்லை. தனி வில்லாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதனால்தான் குடியிருப்பு வளாகத்து வீட்டைவிடத் தனி வில்லாவைத் தேடச் சொல்கிறேன்.

அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடுபவருக்குச் சட்டம் முதல் கட்டமாக வகுத்த அபராதமே ஒரு லட்சம் லிரா. அபராதம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. ஆனால் அதிகாரிகள் வந்து விசாரிக்கும் வீட்டில் விடுமுறை நடக்காது, தொலைந்த முன்பணத்துக்கு முறையிட உங்கள் கையில் ஒழுங்கான தாளும் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். அனுமதி எண்ணைக் கேளுங்கள். துருக்கியில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் வாகனப் பதிவில் ஓர் எண் உண்டு. அனுமதி எண்ணும் அதில்தான் தொடங்கும். காஷும் கல்கானும் அன்டால்யாவைச் சேர்ந்தவை என்பதால் 07. ஃபெத்தியே, தாட்சா, தாலமான் முலா மாகாணம், அதனால் 48. கல்கான் வில்லா என்று சொல்லி 48-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண் சரியாக இருந்தால் பத்திரத்தின் படத்தையும் வாசல் பலகையின் படத்தையும் கேளுங்கள். முகமை வழியாக எடுத்தால், துருக்கிப் பயண முகமைகள் சங்கமான டுர்சாபில் அதற்குள்ள உரிம எண்ணை வாங்கி, சங்கத்தின் தளத்தில் பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

போலி விளம்பரங்கள் உண்மையான வில்லாவின் படங்களைத் திருடித்தான் உருவாகின்றன. ஒரு படத்தை எடுத்துக் கூகுளில் படத் தேடலில் இடுங்கள். அதே குளம் வேறு பெயரில், வேறு ஊரில், இரண்டு மடங்கு விலையில் வந்தால் விடை தெரிந்துவிடும். கடைசியாக ஒரு காணொளி அழைப்பு. வாசல் பலகையிலிருந்து தொடங்கிக் குளம்வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். வில்லாவில் வேறு விருந்தினர் இருப்பதாகச் சொன்னால் அவர்கள் கிளம்பும் நாள்வரை காத்திருங்கள்.

7. பணம் பேசும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

குளம்: ஆழம் எவ்வளவு, சுற்றிலும் வேலி உண்டா, சிறுவர் குளம் தனியாக இருக்கிறதா, குளத்தைச் சுத்தம் செய்ய ஆள் எந்த நேரத்தில் வருவார். காட்சிக்காக ஓரத்தில் தடுப்பே இல்லாமல் கட்டிய குளங்கள் இங்கே மிகுதி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது.

வெந்நீர்: பெரும்பாலும் கூரையில் சூரிய வெப்பத் தொட்டிதான். எட்டுப் பேர் கடலிலிருந்து திரும்பி அடுத்தடுத்துக் குளித்தால் ஐந்தாவது ஆளுக்குத் தண்ணீர் ஆறிப்போகும். மின் சூடேற்றி துணைக்கு இருக்கிறதா, அதன் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள்.

மின்சாரம்: கோடையில் எல்லா வில்லாவிலும் குளிர்சாதனம் ஒரே நேரத்தில் ஓடும்போது மின்வெட்டு வருவதுண்டு. ஜெனரேட்டர் இருக்கிறதா? குளிர்சாதனம் படுக்கையறைகளில் மட்டுமா, கூடத்திலும் உண்டா?

கழிவுநீர்: கிராம வில்லாக்களில் மலக்குழித் தொட்டி இருக்கும். அங்கே காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடக் கூடாது, கூடையில்தான் போட வேண்டும். அடைப்பு எடுக்கும் செலவு விருந்தினர் தலையில் விழும்.

சமையல்: விளம்பரத்தில் ‘முழுச் சமையலறை’ என்று இருந்தாலும் காலை உணவுக்கான பாத்திரங்களே மிகுதி. பத்துப் பேருக்குச் சோறு வடிக்கும் பெரிய பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கொசுவலை, கடைசி ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலையா மண்சாலையா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா: இந்த மூன்றையும் மறக்காதீர்கள். கேள்வி, பதில் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தொலைபேசியில் பேசினாலும், ‘நீங்கள் சொன்னவை இவை’ என்று செய்தியாக அனுப்பி ‘ஆம்’ என்ற பதிலை வாங்கிவிடுங்கள்.

8. மொத்த விலை

ஒரு நாள் வாடகையை வைத்து ஒப்பிடாதீர்கள். ஏழு இரவுக்குக் குறைவாகத் தங்கினால் சுத்தம் செய்யும் கட்டணம் தனி. குளத்தைச் சூடாக்குவது தனி. படுக்கை விரிப்பு மாற்றமும் சில இடங்களில் தனி. திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் கூட்டி, இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்த பிறகு ஒப்பிடுங்கள்.

லிராவின் மதிப்பு விரைவாக மாறுவதால், மீதித் தொகை எந்த நாணயத்தில், எந்த நாளின் மாற்று விகிதத்தில் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பவுண்டில் பேசி லிராவில் கட்டும்போதுதான் சச்சரவு வருகிறது.

பேரம் பேச ஒரு நல்ல வழி உண்டு. உச்சப் பருவத்தில் பதிவுகள் வெவ்வேறு கிழமைகளில் தொடங்கி முடிவதால், இரண்டு பதிவுகளுக்கு நடுவே மூன்று, நான்கு இரவுகள் காலியாக விழும். அவற்றை உரிமையாளர்கள் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். தேதியில் நெகிழ்வு உள்ளவர்கள், ‘நடுவில் காலி இரவுகள் இருக்கின்றனவா’ என்று நேரடியாகக் கேட்கலாம்.

9. ஒப்பந்தமும் முன்பணமும்

ஒப்பந்தம் முதலில், பணம் பிறகு. ஒப்பந்தத்தில் வில்லாவின் முகவரி, அனுமதி எண், தேதிகள், நுழையும் வெளியேறும் நேரங்கள், மொத்தத் தொகை, முன்பணம், டெபாசிட் எவ்வளவு, அது எப்போது திரும்பும், ரத்து செய்தால் என்ன ஆகும் என்பவை இருக்க வேண்டும். துருக்கி மொழியில் மட்டும் அனுப்பினால் மொழிபெயர்ப்புச் செயலியில் ஓட்டிப் படியுங்கள். ரத்து விதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கடன் அட்டையில் கட்ட வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். தகராறு வந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு உண்டு. வங்கிப் பரிமாற்றம் அனுப்பியபின் கைவிட்ட கல். அதைத்தான் செய்ய வேண்டும் என்றால், கணக்கின் ஐபான் எண்ணைப் பாருங்கள்: துருக்கிக் கணக்கு டி.ஆர். என்ற எழுத்துகளில் தொடங்கி 26 இடங்கள் கொண்டது. கணக்கின் பெயர் ஒப்பந்தத்தில் உள்ள முகமையின் பெயராகவோ உரிமையாளரின் பெயராகவோ இருக்க வேண்டும். ‘என் மைத்துனர் கணக்கு, அதில் போடுங்கள்’ என்ற செய்தி வந்த நிமிடமே விலகிவிடுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவரிடமும், ‘இன்னும் ஒரு மணி நேரத்தில் வேறொருவர் எடுத்துவிடுவார்’ என்று விரட்டுபவரிடமும் அப்படியே.

10. சாவி வாங்கும் நாள்

வழக்கமாக மாலை 4 மணிக்கு நுழையலாம். கடவுச்சீட்டுகளைக் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். 1774 எண்ணுள்ள அடையாள அறிவிப்புச் சட்டப்படி, தங்குபவர்களின் விவரத்தைக் காவல் துறைக்கோ கிராமப்புறமாக இருந்தால் அங்கே காவல் பணி செய்யும் ஜெண்டர்மே படைக்கோ தெரிவிக்க வேண்டும். குழந்தைகளின் விவரமும் இதில் சேரும். கடவுச்சீட்டைக் காட்டுங்கள், படம் எடுக்க விடுங்கள். மூலத்தை மட்டும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் அலைபேசியில் காணொளி எடுத்துக்கொண்டே எல்லா அறைகளையும் சுற்றி வாருங்கள். கண்ணாடி மேசையின் விளிம்பு, சோபாவில் கறை, குளத்தின் உடைந்த ஓடு, குளிர்சாதனத்தின் ரிமோட். டெபாசிட்டைப் பிடித்துக்கொள்ளக் காரணமாவது பெரும்பாலும் இந்த நான்கும்தான். ஏற்கெனவே இருக்கும் பழுதுகளின் படத்தை அன்றைக்கே செய்தியில் அனுப்புங்கள். டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள்.

11. தங்கும் நாட்கள்

குழாய்த் தண்ணீர் சமைக்கவும் துலக்கவும். குடிக்க 19 லிட்டர் கேன் வரவழைத்துக்கொள்ளலாம். எந்தக் கடை வில்லா வாசல்வரை கொண்டுவரும் என்று சாவி கொடுப்பவரிடமே கேளுங்கள். வாரச் சந்தை கல்கானில் வியாழன், காஷில் வெள்ளி. தக்காளியும் அத்தியும் சந்தையில் வாங்குவதுதான் சரி. மலையில் கோடை முழுவதும் காட்டுத்தீ அச்சம் இருப்பதால், வில்லாவில் அதற்கென்று கட்டிய அடுப்பைத் தவிர வேறெங்கும் தீ மூட்டாதீர்கள். எந்த அவசரத்துக்கும் ஒரே எண்: 112.

ஏதாவது பழுதானால் அன்றே, எழுத்தில் தெரிவியுங்கள். கடைசி நாள்வரை பொறுத்திருந்து சொன்னால், நீங்கள் உடைத்ததாகவே கொள்ளப்படும்.

12. வெளியேறும் நாள்

காலை 10 மணி என்றால் பத்துதான். அன்று மாலையே அடுத்த குடும்பம் வருகிறது. முந்தைய இரவே குப்பையை வெளியேற்றி, பாத்திரம் கழுவி, துண்டுகளை ஓரிடத்தில் குவித்துவையுங்கள். ஒன்பதரை மணிக்கு வந்து சரிபார்க்கும்படி முன்னாளே செய்தி அனுப்பிவிடுங்கள். வருபவரோடு நீங்களும் அறை அறையாக நடந்து, டெபாசிட்டைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். ‘பிறகு வங்கியில் போடுகிறோம்’ என்றால், தொகையும் தேதியும் எழுதிய செய்தியை அவர் அங்கே நிற்கும்போதே அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.